மரியாதையாக ஒரு குத்து

என் இடது கண்ணின் விழித்திரை ஏற்கெனவே ஒரு முறை கிழிந்து ஒட்டியது. இன்னொரு குத்து நேராக விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கடைசிச் சண்டைக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எதிராளிக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. அவன் கை விழுகிற கனத்துக்கு நாங்கள் வைத்த பேர் உலக்கை.

என் மனைவிக்கு ஓட்டல் வரவேற்பில் வேலை. விருந்தாளிகளுக்காக ஸ்பானிஷ் கற்றவள். என் கைக்குத் துணிப்பட்டை சுற்றியபடியே பாடம் எடுத்தாள்.

"எங்க ஓட்டல்லதான் தங்கியிருக்கான். நல்ல மாதிரிதான். நாய்கூடப் பழகின ஆளைக் கடிக்காதுங்க. அவன் பாஷையில நாலு வார்த்தை பேசுங்க, கை தானா இளகும். எங்க, காலை வணக்கம் சொல்லுங்க?"

"புவேனோஸ் தியாஸ்."

"வம்புக்கு இழுக்கற மாதிரி இருக்கு. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

தப்புக்கு ஒரு தடவை தொடையில் அடித்தாள். கிராசியாஸ் என்றால் நன்றி, பெர்தோன் என்றால் மன்னிக்கவும், விடைபெற ஆஸ்தா லுவேகோ. குத்து வாங்கப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கென்று எரிச்சலாக இருந்தது. அவள் பயம் தெரிந்ததால் படித்தேன்.

சண்டைக்கு முன் எடை பார்க்கும் இடத்தில் அவனிடம் சிரித்துக்கொண்டே புவேனோஸ் தியாஸ் சொன்னேன். உலக்கை வாயெல்லாம் பல்லாகி என்னைக் கட்டிக்கொண்டான்.

முதல் ரவுண்டில் விலா எலும்பு ஒன்று நொறுங்கியது. இரண்டாவதில் ஈரலுக்குக் கீழே வாங்கி முழங்காலிட்டு, வாயில் வந்த கசப்பை விழுங்கிக்கொண்டு எழுந்தேன். ஆனாலும் என் கண் பக்கம் அவன் வரவேயில்லை. என் தலை மோதி அவன் புருவம் பிளந்தபோது "பெர்தோன்" என்றேன். பரவாயில்லை என்று தலையசைத்தான். அவள் கெட்டிக்காரிதான் என்று எனக்குள் பெருமை.

அந்தத் தைரியத்தில் கண்ணைக் காத்துநின்ற இடது கையை இறக்கி அடிக்க ஆரம்பித்தேன். அவன் மூக்கு உடைந்தது. உதடு கிழிந்து இரண்டு பேர் மார்பிலும் ரத்தம் வழிந்தது. கடைசி ரவுண்டில் கயிற்றோடு சேர்த்து அவனைப் பிழிந்துகொண்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் ஜெயித்திருப்பேன்.

அவன் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தான். பல்கவசத்தை நாக்கால் தள்ளிவிட்டு என் காதில் சொன்னான்.

"மன்னிச்சுக்கோங்க."

அச்சு அசல் தமிழ். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நடுவர் எங்களை விலக்கினார். உடனே அவன் வலது கை வந்தது, நேராக இடது கண்ணில். நான் சரியும்போது அதே இடத்தில் இன்னொன்று. மூன்றாவதும் அங்கேயே.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்தக் கண் இனி இல்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியில தமிழ்ல மன்னிப்புக் கேட்டான்டி. எவன் சொல்லிக்கொடுத்தானோ, அந்த நாசமாப் போனவனை..."

அவள் என் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"முந்தாநாள் கவுண்டர்ல அவன்கிட்ட கெஞ்சினேன். இடது கண்ணுல மட்டும் அடிக்காதே, இதுக்கு மேல தாங்காதுன்னேன். சரின்னான். போறப்போ உங்க பாஷையில மன்னிப்பு எப்படிக் கேக்கறதுன்னு கேட்டான். நான்தாங்க சொல்லிக்கொடுத்தேன்."