படுத்த கோடும் நிற்கிற கோடும்

சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகுதான் சோறு. என் முதுகு போய்விட்டது. அது வெளியில் யாருக்கும் தெரியாது. எனக்கும் என் பெண்டாட்டிக்கும் தெரியும். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளுக்கும் தெரியும். அவளை வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம்.

குடோனில் பெல்ட் மிஷின் வந்து இறங்கியிருந்தது. இனி மூட்டை தானாக ஓடும், பாதி ஆளை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. யார் யாரை என்று முடிவு செய்கிறவர் சூப்பர்வைசர். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி, காலையில் வாசலில் நின்று ஒவ்வொருத்தன் குனிவதையும் நிமிர்வதையும் பார்ப்பார். நான் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு நிமிர்ந்துவிடுவேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல்லைக் கடிப்பது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வெறும் தரையில் குப்புற விழுவேன். பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு என் முதுகில் ஏறி நிற்பாள். நடு முதுகில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவள் குதிகால் பட்டால்தான் எனக்கு மூச்சே வரும்.

"இன்னும் நல்லா அழுத்தேன்."

"நீங்க வாங்கிப் போடுற அரிசிக்கு இவ்வளவு வெயிட்டுதான் ஏறும்" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு டிராயிங் மிஸ் வந்திருந்தார். அதற்கு முன்னால் டிராயிங் பீரியட் என்றால், கரும்பலகையில் ரெண்டு மலையும் நடுவில் சூரியனும் போட்டுவிட்டு வாத்தியார் பேப்பர் படிப்பார். இந்த மிஸ் பிள்ளைகளை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்ப் படுக்கச் சொன்னாராம். அது படுத்த கோடு. எழுந்து கையை உயர்த்தினால் நிற்கிற கோடு. சுவரில் சாய்ந்தால் சாய்ந்த கோடு. படுத்த கோட்டைப் பார்த்தால் அமைதியாக இருக்கும், நிற்கிற கோட்டில் பலம் தெரியும், சாய்ந்தது ஒன்று ஓடும், இல்லை விழும் என்று சொல்லிக் கொடுத்தாராம்.

குருவி வீட்டுக்கு வந்து ஒரு சாமானை விடவில்லை. "அப்பா, கதவு நிக்கிற கோடு. பாய் படுத்த கோடு. சைக்கிள் சாஞ்ச கோடு."

"கோடு போடச் சொன்னா இவ ரோடே போடுவா போலிருக்கே" என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"வீட்டுல பார்த்ததைப் போடணும்பா. பார்க்காததைப் போட்டா மிஸ் ஒத்துக்க மாட்டாங்க."

என்ன போட்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பாயும் கதவும் என்றுதான் நினைத்தோம்.

சனிக்கிழமை பெற்றோர்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் படங்களை மாட்டியிருந்தார்கள். எல்லாரும் மேஜை, கதவு, கம்பம் என்று போட்டிருந்தார்கள். நடுவில் குருவியின் படம். கறுப்புக் கிரேயானில் தடியாக ஒரு படுத்த கோடு, அதற்கு மீசை. அதன் மேல் ஒரு நிற்கிற கோடு, அதற்குக் கொண்டை. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'அப்பா. அம்மா.'

"ரெண்டே கோடு, பாருங்க" என்றார் மிஸ். "கோட்டுக்குள்ள ஆளைக் கொண்டு வந்துட்டா. கிளாஸ்லயே இதுதான் நல்ல படம்."

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர். அவர் மகனும் இதே வகுப்புதான்.

"என்னப்பா, வீட்டுல மிதி பலமோ?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும்.

"ஆமா சார். வாங்காத நாளே இல்ல" என்றேன்.

பெண்டாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தெருவில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பின்ன என்ன சார், ஊரைச் சுத்திட்டு வர்றவரை மிதிக்காம மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?"

பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். "வாய் இருக்கே அம்மாடி" என்று யாரோ சொன்னார்கள். அவள் காதுமடல் சிவந்து போனது. அதோடு முடிந்திருக்கும்.

குருவிக்கு மட்டும் முகம் சுருங்கிப் போயிற்று. படம் தப்பாகிவிட்டது, அதனால்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். மிஸ் அவள் தோளில் கை வைத்தார்.

"நீ பார்த்ததைத்தானே போட்டே?"

"ஆமா மிஸ்."

"அப்ப பயப்படாம நீயே சொல்லு. இது என்ன?"

"அம்மா அடிக்கல மிஸ். அப்பா முதுகு உடைஞ்சு போச்சு. அம்மா ஏறி நின்னாத்தான் காலையில எந்திரிக்க முடியும். தினமும் நிப்பாங்க."

மிஸ் கை தட்டினார். அவர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். சூப்பர்வைசரும் தட்டினார். பிறகு குனிந்து குருவியின் கன்னத்தைத் தொட்டு, "பொய் பேசத் தெரியாத புள்ள" என்றார். நிமிரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைத்தான் பார்த்தார்.

குருவிக்குப் பரிசாக ஒரு கலர் பென்சில் பெட்டி கிடைத்தது. வழியெல்லாம் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள்.

"உன்னை யாருடி வாயைத் திறக்கச் சொன்னது?" என்றாள் அவள் அம்மா.

"மிஸ் கேட்டாங்கம்மா."

"கேட்டா?"

"பார்த்ததைத்தானே சொல்லணும்."

எதைச் சொல்லக் கூடாது என்பதை வீட்டில் நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பொழுது விடிந்தால் மூட்டை, பொழுது சாய்ந்தால் தரை. எங்கே நேரம் இருந்தது?

திங்கட்கிழமை சூப்பர்வைசர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். "முதுகைப் பார்த்துக்கோப்பா. கொஞ்ச நாள் ஓய்வெடு. சொல்லி அனுப்புறேன்" என்று அக்கறையாகத்தான் சொன்னார். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட ஆள் ஒருத்தனையும் நான் திரும்ப குடோனில் பார்த்ததில்லை.

வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து தரையில் விழுந்தேன். பெண்டாட்டி ஏறி நிற்க வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நிமிர்ந்து நான் எங்கே போகப் போகிறேன்?

சாயங்காலம் குருவி வந்து நோட்டைப் பிரித்தாள். "இந்த வாரம் வட்டம்மா. வீட்டுல வட்டமா என்ன இருக்கு?"

"உங்கப்பன் தலைச்சுழியைப் போடு" என்றாள் பெண்டாட்டி, பாத்திரம் விளக்கிக்கொண்டே. "அதுதான் இப்ப இந்த வீட்டைச் சுத்திக்கிட்டிருக்கு."

குருவிக்கு அது ஏச்சு என்று தெரியாது. என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். சின்ன விரலால் முடியை விலக்கிப் பார்த்தாள்.

"ஆமாம்மா, இருக்கு. நடுவுல புள்ளி. அதைச் சுத்திச் சுத்தி முடி போகுது. அப்பா, ஆடாதீங்க."

விளக்குகிற சத்தம் நின்றது. என் முகம் தரையில் கிடந்தது. காகிதத்தில் பென்சில் ஓடுவது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

"அம்மா, இது என்னன்னு மிஸ் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"தட்டுன்னு சொல்லு."

"தட்டுல இப்படிச் சுழி இருக்காதே?"

"சொன்னதைச் செய்."

குருவி என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் பென்சில் ஓடியது, இந்தத் தடவை மெதுவாக. எழுதி முடித்துவிட்டு அவளே ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்: "த. ட். டு."