ஓநாய் ரத்தம்

அவளுடைய அக்கா புருஷனுக்கு அலட்டல் பிறவிக்குணம். நாய்க்குட்டி விற்க ஆரம்பித்ததும் அதற்குக் கொம்பு வேறு முளைத்தது. எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிறப் பெட்டையைப் பிடித்துவந்து, அதன் தாத்தா ஓநாய் என்றார். ஓநாய்க்குக் காட்டில் யார் ஊசி போட்டார்கள், அந்த ரத்தத்தை நோய் அண்டாது என்று வாங்க வருகிறவர்களிடம் அளந்துவிட்டார். மச்சினி கால்நடை டாக்டர் ஆயிற்றே, ஒரு வார்த்தை கேட்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு அவள் வெறும் மாட்டு டாக்டர்.

முதல் ஈற்றில் ஒரு குட்டி மட்டும் கறுப்பு. தெருநாய்க் கலப்பு, பேர் கெட்டுவிடும் என்று அதை அட்டைப்பெட்டியில் போட்டு அவள் கிளினிக் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் தடுப்பூசி போட்டு வளர்த்தாள். மற்ற குட்டிகளுக்கும் போடச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டாள். மனுஷன் காதில் வாங்கவில்லை.

பிறகு டிஸ்டெம்பர் என்கிற தொற்றுநோய் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் சீழ் ஒழுக, தாடை வெட்டி வெட்டி இழுக்க, குட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். ஒன்றுகூடத் தங்கவில்லை. கறுப்புக்குட்டியோ மேஜைக்கடியில் அவர் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

தடுப்பூசி என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய பதில். ஆனால் அவளுக்கு அவர் மூக்கை உடைக்க வேண்டியிருந்தது.

"ஓநாய்க்கும் இந்த நோய் வரும் மாமா. கொத்துக்கொத்தா சாகும். அதுல கறுப்பு ஓநாய்தான் கொஞ்சம் தாக்குப்பிடிக்குது. அந்தக் கறுப்பு ஜீன் அதுக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? எப்பவோ நாயோட சேர்ந்ததுல வந்தது. நீங்க கேவலம்னு தூக்கிப்போட்டீங்களே, அந்த நாய்கிட்டேருந்து."

அவர் முகம் தொங்கிப்போனது. வீடு போய்ச் சேரும்வரை அவள் அதை நினைத்து நினைத்து ரசித்தாள்.

அந்த முகம் தொங்கியே கிடக்கும் என்று நம்பியதுதான் அசட்டுத்தனம். அடுத்த ஈற்றுக்கு அவர் ஒரு கறுப்புக் கடுவனைத் தேடிப் பிடித்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி துண்டில் சுற்றிய கறுப்புக்குட்டியோடு கிளினிக்குக்கு வந்தாள். சீழ் வடியும் கண். தாடை இழுத்துக்கொண்டிருந்தது. தடுப்பூசி போட்டாயிற்றா என்று டாக்டர் கேட்டாள்.

"கறுப்புக்கு வேண்டாமாமே. ஜீன்லயே எதிர்ப்பு இருக்காம். சும்மா சொல்லலைங்க, வித்தவரோட மச்சினியே டாக்டராம், அவங்க சொன்னதாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே அவங்களை?"

டாக்டர் குட்டியை வாங்கி மேஜையில் கிடத்தினாள். பாழாய்ப்போன அந்த மச்சினியை அவளுக்கு நன்றாகவே தெரியும்.