முத்துநாயகி சில்க்ஸின் இரண்டாம் மாடி

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நான்கு மணிக்கு மணிக்கூண்டுப் பக்கம் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், வாய்க்கு முன்னால் மைக், கையில் பெயர்ப் பட்டியல். அவள்தான் சகாயசெல்வி. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பத்துப் பதினைந்து பேரைத் திண்டுக்கல் கடைவீதிகளில் இரண்டரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய், ஒவ்வொரு கடையின் கதையையும் சொல்வது அவள் வேலை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கீர்த்தனா என்கிற பெண் சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக இந்த நடைப்பயணத்துக்கு வழி போட வந்தாள். நாட்டு மருந்துக் கடைச் சந்து எது என்று தேடி அலைந்தவள், செல்வி வேலை பார்த்த வளையல் கடையில் வந்து வழி கேட்டாள். செல்வி வழியோடு நிறுத்தவில்லை. எந்தப் பாத்திரக்கடையில் அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பினார்கள், எந்தக் கடை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை எரிந்தது, எந்த மிட்டாய்க்கடைக்காரர் கடைசிவரை இனிப்பையே தொடாதவர் என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த மாதம் கீர்த்தனா மஞ்சள் தொப்பியோடு திரும்பி வந்தாள்.

நடையில் ஒன்பது நிறுத்தங்கள். ஆறாவது நிறுத்தம் முத்துநாயகி சில்க்ஸ். துணிமூட்டையைத் தலையில் சுமந்து வடமதுரை, அகரம் என்று ஊர் ஊராக நடந்து விற்ற ஒரு மனிதர் கட்டிய நாலு மாடிக் கடை. இப்போது பேரன் பழனிக்குமார் பார்க்கிறான். நடையில் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பன்னீர் சோடா கொடுப்பான். இரண்டாம் மாடி சேலைப் பிரிவுக்குக் கூட்டிப்போய், மூட்டை சுமந்த அந்தப் பெரியவரின் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பது கீர்த்தனா எழுதிக்கொடுத்த ஏற்பாடு.

அதே இரண்டாம் மாடியில் செல்வி பதினான்கு வருஷம் நின்றிருக்கிறாள். நின்றாள் என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாயக்கூடாது. லிப்டில் ஏறக்கூடாது. மத்தியானம் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கு விடுகிற இருபது நிமிஷம்தான் உட்காருவது. கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டு, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த பிறகு, இனி இவளால் ஆகாது என்று கடை அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விற்கிற வளையல் கடைக்குப் போனாள்.

கூட நின்றவர்களில் அவளுக்கு நெருக்கம் பேச்சாயி. அகரத்துக்காரி. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், ஓடும் நாளைவிட நிற்கும் நாள் அதிகம். இரண்டு பேரும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரே டப்பாவில் வெஞ்சனம் வைத்துச் சாப்பிட்டவர்கள். செல்வி மைக்கை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு ஏறிவரும்போதெல்லாம் பேச்சாயி மேஜைக்குப் பின்னாலிருந்து புருவத்தை மட்டும் தூக்கிச் சிரிப்பாள். ஒரு வருஷம் இப்படியே போனது. செல்வி எழுதிக்கொடுத்ததைத்தான் சொன்னாள்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. மாடியில் நெரிசல். பெரியவர் கதை முடிந்து இறங்கப்போகும் நேரத்தில், கூட்டத்தில் வந்த காலேஜ் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, இவங்கல்லாம் எப்ப உட்காருவாங்க?"

செல்விக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சிரித்து மழுப்பிவிட்டுப் படியிறங்கியிருக்கலாம்.

"உக்கார மாட்டாங்கம்மா" என்றாள். "நானும் இங்க பதினாலு வருசம் நின்னவதான்."

பிறகு நிறுத்த முடியவில்லை. சாயக்கூடாது என்பதைச் சொன்னாள். பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதைச் சொன்னாள். அந்தப் பெண் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். எல்லோரும்தான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், செல்வி அதைப் பொருட்படுத்தவில்லை.

"அப்ப ரொம்ப முடியலன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு ஒரு வழி வச்சிருந்தோம். ஜாக்கெட் துணியக் கைதவறின மாதிரி கீழ விட்டுருவோம். எடுக்கிற சாக்குல மேஜைக்குப் பின்னாடி செத்த நேரம் குத்தவச்சுக்கிறது. கேமராவுலயும் துணி எடுக்கிறதாத்தான் தெரியும்."

சிலர் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து எதிர் மேஜையில் பேச்சாயி மறைந்தாள். ஒரு பச்சைத் துணி கீழே போயிருந்தது. எல்லாத் தலையும் அங்கே திரும்பியது, போனும் திரும்பியது. பேச்சாயி துணியோடு எழுந்தபோது பதினைந்து பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். தீபாவளி இரைச்சலில் செல்வி சொன்னது அவள் காதில் விழவில்லை, ஏன் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை. வழக்கம்போலப் புருவத்தைத் தூக்கிச் சிரித்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது செல்விக்கு உடம்பே லேசாக இருந்தது. பதினான்கு வருஷம் தொண்டையில் கிடந்ததைத் துப்பிவிட்ட மாதிரி இருந்தது.

வீடியோவை நான்கு நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். செல்வி பேசுகிறாள், பேச்சாயி மறைகிறாள், எழுந்து சிரிக்கிறாள். கீழே கமெண்டில் அழுகிற பொம்மைகளும் கோபப் பொம்மைகளும் வரிசையாகக் கிடந்தன. கீர்த்தனா போன் செய்தாள். முதலில் குரலில் பயம் இருந்தது, பேசப்பேசத் தெளிந்தது.

"செல்வி அக்கா, என்னைக் கேக்காம சொல்லியிருக்கக் கூடாது. ஆனா இந்தச் சனிக்கிழமை தீபாவளி லீவு போக, அதுக்கப்புறம் மூணு வாரமும் புல் ஆயிருச்சு. எல்லாருமே அந்தக் கடைக்குப் போவீங்களான்னுதான் கேக்குறாங்க."

செல்வி பேச்சாயிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. சேலைப் பிரிவுப் பெண் ஒருத்தியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. தீபாவளி விற்பனை முடிந்த மறுநாள் காலையில், மேலே ஏற வேண்டாம் என்று பேச்சாயியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சொல்லிவிட்டு அந்தப் பெண் பஸ் வருவதற்கு முன்னாலேயே தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செல்வி அகரத்துக்கு பஸ் ஏறினாள். பேச்சாயி வீட்டில் இருந்தாள். பக்கத்து வெங்காயக் கொடவுனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறாளாம், அன்றைக்கு லீவு. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே "வா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் புள்ள வீடியோ எடுக்கும்னு எனக்குத் தெரியாது பேச்சி."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"

செல்வி வலிக்கிற காலை மாற்றி வைத்து நின்றாள்.

"நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றாள் பேச்சாயி. "அம்புட்டும் நெசம். ஆனா நீ வெளிய போய்ட்ட. உள்ள நிக்கிறவ நானு. ஒரு வார்த்தை என்னையக் கேட்டியா?"

"ஒன்னையக் காட்டணும்னு நெனைக்கலடி."

"சரி, என்னைய விடு. அங்க நிக்கிற மத்த புள்ளைகளுக்கு அந்த ஒரு சாக்குதான இருந்துச்சு. இப்பக் கீழ எது விழுந்தாலும் அவளுக எடுக்கக் கூடாதாம். எடுத்துக் குடுக்கன்னே மாடிக்கு ஒருத்தனப் போட்டுருக்காங்க. இருந்த அந்தச் சாக்கையும் வெளிய சொல்லிப்புட்ட."

வெங்காய வேலை எப்படியிருக்கிறது என்று செல்வி கேட்டாள். கேட்டதுமே கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"நாள் பூரா தரையில உக்காந்துதான் வேல. முட்டி மடங்க மாட்டேங்குது. கால நீட்டி உக்காந்தா எடம் அடைக்கிறேன்னு மத்தவளுக மொணங்குறாளுக."

"நான் சின்ன மொதலாளியப் பாத்துப் பேசுறேன்."

"வேணாம். போகாத" என்றாள் பேச்சாயி. "பேசுனது போதும்."

செல்வி கேட்கவில்லை. திங்கட்கிழமையே போனாள். நாலாம் மாடியில் பழனிக்குமாரின் ஏசி அறை. திட்டுவான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தாள். அவனோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றான். காபி வரவழைத்தான்.

"தாத்தா பேரக் கெடுத்துட்டாங்கன்னு அப்பாவுக்கு வருத்தம். எனக்கு அப்படியில்ல. உக்கார இடம் குடுக்கணும்னு சட்டமே வந்து நாளாச்சு, நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம். இருபது நாற்காலிக்கு ஆர்டர் குடுத்துட்டேன். சனிக்கிழமை நீங்க வர்றப்ப போட்டிருக்கும். அதையும் நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

"பேச்சாயி விஷயம் சார்?"

"மொதல்ல இது நல்லபடியா நடக்கட்டும். அவங்களையும் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா?"

"எடுத்துக்கலாம்க்கா" என்றான் பழனிக்குமார். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மருந்துக் கடையிலும் பாத்திரக்கடையிலும் அவர்கள் காது கொடுக்கவில்லை. ஆறாவது நிறுத்தம் எப்போது வரும் என்று இரண்டு பேர் கேட்டேவிட்டார்கள். இரண்டாம் மாடியில் மேஜைக்கு ஒன்றாகச் சிவப்பு நாற்காலிகள். பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பெண், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார வைத்த மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. பழனிக்குமார் தன் பங்குக்கு ஒரு போட்டோகிராபரை நிறுத்தியிருந்தான்.

செல்வி மைக்கைச் சரிசெய்தாள்.

"நான் வேலை பார்த்தப்ப இங்க நாற்காலி இல்ல. இப்ப எங்க பிள்ளைகள் எல்லாரும் உக்காந்துதான் வேலை பாக்குறாங்க. சொன்னதும் செஞ்சு குடுத்த முதலாளிக்கு நன்றி."

கை தட்டினார்கள். நாற்காலிகளைப் படம் பிடித்தார்கள். வீடியோவில் சிரித்த அந்த அம்மா எங்கே என்று ஒருவர் கேட்டார். "இன்னைக்கு லீவு" என்றாள் செல்வி.

கூட்டத்தைக் கீழே சோடா குடிக்க அனுப்பிவிட்டு, பெயர்ப் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டது நினைவு வந்து திரும்பப் படியேறினாள். அதற்குள் சூப்பர்வைசர் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

"என்ன சார் இது?"

"வியாபார நேரத்துல காலு தட்டுதும்மா. அடுத்த சனிக்கிழமை எடுத்துப் போட்டுருவோம், நீங்க கவலைப்படாதீங்க."

செல்வி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே இருபத்திரண்டு பேரும் கையில் போனோடு இருக்கிறார்கள். மைக் இன்னும் வாய்க்கு முன்னால்தான் இருக்கிறது. ஒரு சத்தம் கொடுத்தால் ஏறி வந்துவிடுவார்கள். ஆனால் பேச்சாயியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். இந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று படியிறங்கினாள். அன்றைக்கு மிட்டாய்க்கடைக் கதையைச் சொல்லும்போது நடுவில் இரண்டு தடவை தடுமாறினாள்.

புதன்கிழமை அவள் பழனிக்குமாரைப் பார்க்கப் போனபோது மேலே விடவில்லை. மேனேஜர்தான் வாசலுக்கு வந்தார்.

"நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல யாரையும் எடுக்கிறதில்லைன்னு சின்னவரோட அப்பா சொல்லிட்டாரும்மா. சின்னவரு எவ்வளவோ பேசிப் பாத்தாரு."

அன்றைக்குச் சாயங்காலமே கடையின் பெயரில் ஒரு வீடியோ வந்தது. "எங்கள் ஊழியர்கள், எங்கள் குடும்பம்" என்று தலைப்பு. பின்னால் வீணை வாசிக்கிறார்கள். சிவப்பு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் மஞ்சள் தொப்பியோடு செல்வியின் முகம் வந்து நன்றி சொல்கிறது.

மறுநாள் மத்தியானம் பேச்சாயியே போன் செய்தாள். வெங்காயக் கொடவுனின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"பாத்தேன் செல்வி. நாற்காலி நல்லாத்தான் இருக்கு."

"பேச்சி, ஒன்னையத் திரும்ப எடுத்துக்கிறேன்னு சொன்னாங்கடி. அதுக்காகத்தான்..."

"எனக்காகன்னு இனிமே ஒண்ணும் செய்யாத" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யாரோ கூப்பிட்டார்கள் போல. "வாரேன்" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு செல்வி எத்தனை தடவை போட்டும் எடுக்கவில்லை.

இனி அந்தக் கடைக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று செல்வி கீர்த்தனாவிடம் சொன்னாள். நாற்காலியை அடுக்கி எடுத்துப்போனதையும் சொன்னாள்.

கீர்த்தனா முழுசும் கேட்டுக்கொண்டாள். "கஷ்டமாத்தான் இருக்குக்கா. ஆனா அதுக்குத்தான் ஆளுங்களே வர்றாங்க. ஆறாவது ஸ்டாப்ப எடுத்துட்டா டூர்ல என்ன இருக்கு? உங்களால முடியலன்னா சொல்லுங்க, இந்த ஊர்லயே வேற ஒரு பொண்ணு கேட்டுட்டு இருக்கு, பழகிக்கட்டும்."

வளையல் கடையில் அவள் இடத்துக்கு ஆள் வந்து ஒரு வருஷமாகிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கடையிலும் நிற்க முடியாது. நடக்கும்போது அவ்வளவாக வலிப்பதில்லை.

"வாரேன் மேடம்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமையும் சிவப்பு நாற்காலிகள் வெளியே வந்திருந்தன. செல்வி போன வாரம் சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். பெங்களூரிலிருந்து வந்த வயதானவர் ஒருவர் ஒன்றரை மணி நேர நடையில் களைத்துப்போயிருந்தார்.

"கொஞ்சம் உட்கார்ந்துக்கலாமாம்மா?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டார்.

அவள் சட்டென்று எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, ஒதுங்கி நின்றாள். அவர் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். செல்வி ஏழாவது நிறுத்தத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.