பாசி பிடுங்கிய குட்டை

ஆன்டனி இறந்து முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள், அவருடைய தம்பி சின்னப்பராஜ் இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையைச் சுத்தம் செய்தான். தண்ணீருக்குள் கிடந்த வேலம்பாசி, மேலே மிதந்த அல்லி, ஓரத்துக் கோரை எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி மதிலுக்கு வெளியே குவித்தார்கள். சாயங்காலம் அண்ணன் மனைவி ரோஸ்லினைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாருங்க அண்ணி, எப்பிடிப் பளிச்சினு கீது. நாளைக்கு வர்ற சனம் பாத்தா நல்லா இருக்கும்ல?"

"நல்லா இருக்கு" என்றாள் ரோஸ்லின். அவன் எதைக் காட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. வீடு திண்டிவனத்தில். ஓமந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை. பிள்ளைகள் இல்லை. ஆன்டனி கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வீடு கட்டும்போது மண் எடுத்த பள்ளத்தை அவரே வெட்டி அகலமாக்கி, மீன் விட்டுச் செடி வைத்தார். பாம்பு வரும், கொசு வரும் என்று எட்டு வருடம் அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். ஒருநாளும் அந்தக் கரையில் போய் நின்றதில்லை. பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்து பிப்ரவரியில் போய்விட்டார்.

ரோஸ்லின் அழவில்லை. கல்லறையிலும் அழவில்லை, பூசையிலும் அழவில்லை. பத்து நாள் கழித்து வேலைக்குப் போய்ப் பருப்பை அளந்து போட்டாள். உடம்பு தன்பாட்டுக்கு நடந்தது; அவள் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

பூசைக்கு வந்தவர்கள் பொழுது போகாமல் குட்டையில் பொரியும் மிச்சச் சோறும் போட்டார்கள். அவர்கள் போன பிறகு, சோறு மீந்தால் அவளும் அங்கேயே கொட்டினாள். ஏப்ரல் வெயிலில் தண்ணீர் பச்சையாகி, பிறகு கொழகொழவென்று கெட்டியானது. வாடை அடித்தது. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஒருநாள் விடியற்காலையில் துணி காயப்போடப் போனவள் குட்டையைப் பார்த்தாள். கெண்டைகள் எல்லாம் மேலே வந்திருந்தன. ஒன்றுகூட நீந்தவில்லை. வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் ஆன்டனியின் வாய் அப்படித்தான் இருந்தது.

அவள் துணியைக் கீழே போட்டாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. வாளியால் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, குட்டையிலேயே திரும்ப ஊற்றினாள். ஊற்றிய இடத்துக்கு இரண்டு மூன்று மீன்கள் நகர்ந்து வந்தன. வெயில் ஏறும்வரை மொண்டு மொண்டு ஊற்றினாள். தோள் மரத்துப்போனது. நிறுத்தியபோது பத்தொன்பது மீன்கள் செத்து மிதந்தன. ஏழு உயிரோடு இருந்தன. செத்தவற்றைக் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டுப் பள்ளிக்கு லீவு சொன்னாள். ஆன்டனிக்கு மீன்குஞ்சு கொடுத்த பூமாலையைத் தேடி ஏரிக்கரைக்குப் போனாள். பூமாலை அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்.

"வாக்கா. அண்ணன் வர்லியா?"

"அவரு செத்துட்டாரு. பிப்ரவரியில." பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் இருந்தது அவள் குரல்.

பூமாலை வலையைக் கீழே வைத்தார். பிறகு மீனைப் பற்றி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"செடிய யாரு புடுங்கனது? மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் தண்ணியில உரமாப் பூடும்க்கா. அத்த இந்தச் செடிங்க எடுத்துக்கினு இருந்துச்சி. செடி இல்லன்னதும் தண்ணியில கலந்து கெடக்குற பச்சப் பாசி எடுத்துக்கிச்சி. பகல்ல ஒண்ணும் தெரியாது. ராத்திரி பூரா அது காத்த இழுத்துக்கினா, விடியக்காலம் மீனுக்கு என்னா மிஞ்சும்?"

ஏரியிலிருந்து ஒரு சாக்கு நிறைய வேலம்பாசியும் ஐந்து அல்லிக் கிழங்கும் எடுத்துக் கொடுத்தார். "அல்லிய ஏரி மண்ணுல வெச்சி, மேல கூழாங்கல்லு போடுங்க. பாசியக் கல்லுல கட்டி உள்ள வுடுங்க. எல சேந்து பாதிக் குட்டைய மூடட்டும், அதுக்கு மேல வேணாம். முழுசா மூடுனாலும் மீனு சாவும். அப்புறம் சோறு போடாதீங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் அவள் வேலம்பாசியை அலசிக்கொண்டிருந்தபோது ஒரு டிராக்டர் வந்து நின்றது. பெட்டி நிறைய செம்மண். சின்னப்பராஜ் குதித்து இறங்கினான்.

"நாத்தம் தெரு வரைக்கும் அடிக்குதாம் அண்ணி. கொசு, டெங்கு, எதுக்கு பேஜாரு? ஜல்தியா மூடிட்டுப் போய்க்கினே இருக்கலாம்."

"வேணாம் தம்பி."

"உங்களுக்குத்தான் இந்தக் குட்டையே புடிக்காதே?"

"இப்பவும் புடிக்கல. ஏழு மீன் உயிரோட இருக்கு. அதும்மேல மண்ணக் கொட்டச் சொல்றியா?"

அவன் குட்டையைப் பார்த்தான். "மீதி?"

"செத்துப்போச்சி. நீ செடியப் புடுங்கனதால." அவள் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சின்னப்பராஜின் முகம் கோணியது. "எனக்கு வூட்டுக்குள்ள உக்கார முடியல அண்ணி. அண்ணன் சட்ட ஆணியில தொங்கிக்கினு இருந்துச்சி. எதனா ஒரு வேல செய்யணும்னு இருந்துச்சி. அதான்..." முடிக்க முடியாமல் லுங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரோஸ்லின் அவனையே பார்த்தாள். தன் கண்ணும் நனையுமா என்று காத்திருந்தாள். நனையவில்லை. அவன் தோளைத் தொடலாம் என்று தோன்றியது, ஆனால் கை முழுக்கச் சேறு. பக்கத்தில் இருந்த சிமென்ட் தொட்டிகளில் ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். அவற்றில் அல்லிக் கிழங்கு நட்டு வைத்திருந்தாள்.

"இத எனக்குத் தூக்க முடியல. உள்ள எறக்கி வுடு."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். தொட்டிகளை ஒவ்வொன்றாக அவள் தள்ள, அவன் வாங்கி அடியில் உட்காரவைத்தான். பாசியைக் கற்களில் கட்டி அவளே போட்டாள். மண் வண்டி வந்தபடியே திரும்பிப் போயிற்று.

தண்ணீர் உடனே தெளிந்துவிடவில்லை. இரண்டு வாரம் பச்சையாகவே கிடந்தது. மே மாதம் இன்னொரு மீன் செத்தது. அவள் தினமும் சாயங்காலம் அழுகிய இலையைக் கிள்ளிப் போட்டாள். பிடித்துச் செய்யவில்லை, கை செய்தது. ஜூன் கடைசியில் வாடை நின்றது. ஆடியில் தண்ணீர் தெளிந்து, அடியில் இருந்த தொட்டியின் விளிம்பு மேலிருந்தே தெரிந்தது. அல்லி இலைகள் பரவி, வேலம்பாசி பாதியைத் தாண்டிப்போனது.

ஞாயிறு பூசை முடிந்து சின்னப்பராஜ் வந்தான். இரண்டு பேருமாக அதிகப்படிப் பாசியை வாரிக் கரையில் போட்டார்கள். அதை மல்லாட்டை பயிரிட்ட தன் கொல்லைக்கு எருவாக எடுத்துப்போவதாகச் சொல்லிச் சாக்கில் அடைத்தான். கட்டி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணி, நீங்க ஒரு தடவகூட அழுவலியா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியல தம்பி. வந்தா அழுவேன்."

அவன் தலையாட்டினான். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். காலையில் தனக்கென்று பொங்கிய சோறு ஒருத்திக்குத்தான் காணும். இன்னொரு ஆழாக்கு அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொல்ல வெளியே வந்தாள்.