எதைத் தடைசெய்தார்கள்?

நில்டா பெருவின் மலைநாட்டில் பிறந்தவள். வீட்டில் அந்த மண்ணின் பழைய மொழியான கெச்சுவா, பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ். இரண்டு மொழிகளிலும் வளர்ந்த தன் நாட்டு இலக்கியத்தின் வரலாற்றை ரொறன்ரோவில் இருந்துகொண்டு பல வருடமாக எழுதி முடித்திருந்தாள். பழைய பாடல்களும் நாடகங்களும் ஒரு பக்கம் கெச்சுவாவிலும் எதிர்ப்பக்கம் ஆங்கிலத்திலும் வரவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். பக்கங்களை வடிவமைத்தவள் கஜனி என்ற தமிழ்ப் பெண்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் பதிப்பாசிரியர் றிச்சர்ட் இருவரையும் கூப்பிட்டார்.

“கெச்சுவாப் பகுதியைப் பின்னிணைப்பில் போடுவோம். அது வெறும் வாய்மொழி மரபு. இலக்கிய வரலாறு ஸ்பானிஷ்காரர் வந்த பிறகு தொடங்கட்டும்.”

நில்டா குரலை உயர்த்தவில்லை. “பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கள் ஆட்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஸ்பானிஷ்காரர் அவர்களை அடக்கிய கையோடு கெச்சுவா நாடகங்களையும் தடைசெய்தார்கள். இலக்கியமே இல்லையென்றால் எதைத் தடைசெய்தார்கள்?”

றிச்சர்ட் கஜனியின் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்கள்.”

சின்ன வயதில், ‘தமிழ் உன் வீட்டோடு இருக்கட்டும்’ என்று பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை சொன்னது கஜனிக்கு ஞாபகம் வந்தது. மடிக்கணினியை மூடினாள். “பின்னிணைப்பு நான் செய்யமாட்டேன்.”

புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு இருவரும் வெளியேறினார்கள்.

ஸ்காபரோவில் கலியாணக் கார்ட் அடிக்கும் தியாகலிங்கத்திடம் கஜனி போனாள்.

“அண்ணை, உது எங்கட பாஷையில்லை. ஆனா அடிக்கவேணும்.”

“எந்த நாடு, தங்கச்சி?”

“பெரு. இவையின்ர பாஷையில இலக்கியமே இல்லையெண்டு சொல்லுறாங்கள்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப நல்ல தடிச்ச பேப்பரில அடிப்பம்.”

வெளியீடு ஒரு நூலக மண்டபத்தில் நடந்தது. நில்டா எழுந்ததுமே, பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து வந்து குடியேறிய மரியோ என்ற பெரியவர் கையை உயர்த்தினார்.

“ஸ்பானிஷில் வாசியுங்கள். கெச்சுவா இங்கே யாருக்கு விளங்கும்?”

“உங்களுக்கு விளங்காதது அந்த மொழியின் குற்றமில்லை” என்றாள் நில்டா. பிறகு தடைசெய்யப்பட்ட நாடகக் காட்சியொன்றைக் கெச்சுவாவிலேயே வாசிக்கத் தொடங்கினாள். மரியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். அவள் நிறுத்தவில்லை. மற்றவர்கள் எதிர்ப்பக்க ஆங்கிலத்தில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வரியில், பின்வரிசையில் இருந்த பெண்ணொருத்தி மட்டும் புத்தகத்தைப் பாராமலே வாய்விட்டுச் சிரித்தாள். நில்டா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த வரியை இன்னொருதரம், இன்னும் உரத்து வாசித்தாள்.