பென்சில் குறி இட்ட இடங்கள்

காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதம் ஒரே பக்கம். அதனோடு வந்த விண்ணப்ப நகல் ஏழு பக்கம். நகலெடுக்கும் கடையில் பதினோரு ஆண்டுகளாக ஊரார் காகிதங்களைக் கையாண்டு வந்த அவள், தன் வீட்டுக் காகிதம் ஒன்றை அன்றுதான் எழுத்து எழுத்தாகப் படித்தாள். நான்காம் பக்கத்தில், 'நாட்பட்ட நோய் ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே, 'இல்லை' என்ற கட்டத்தில் வால் நீண்ட ஒரு டிக். அந்த வால் யாருடையது என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. பள்ளி நாள்களில் அவளுடைய வீட்டுப்பாட நோட்டைத் திருத்திய அண்ணனுடைய வால் அது. காப்பீட்டு முகவராக ஆன பிறகும் அது சுருங்கவில்லை.

அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பெருங்குடலில் அழற்சி கண்டது. ரத்தப்போக்கோடு நாளுக்குப் பதினைந்து முறை கழிப்பறைக்கு ஓடுகிற ஒருவரிடம் ஐம்பது பயணிகளை யார் ஒப்படைப்பார்கள்? பணிமனையின் டயர் கிடங்கில் உட்கார வைத்தார்கள். கழிப்பறை பத்தடி தூரத்தில் இருந்தது, சம்பளம் பாதியாயிற்று. எட்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசியோ அவளுடைய மூன்று மாத ஊதியத்தை ஒரே மடக்கில் விழுங்கியது. காப்பீடு கைகொடுக்கும் என்ற தைரியத்தில் கடன் வாங்கி இரண்டு ஊசிகள் போட்டாயிற்று. மூன்றாவது ஊசிக்கு நாள் வியாழக்கிழமை. இடைவெளி விட்டால் உடம்பு அம்மருந்தையே ஏற்காமல் போகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

முகவர் தம் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டால் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதாக நிறுவனம் கூறியது. மறுபரிசீலனைச் சீட்டைக் காட்டினால் ஊசியைத் தவணையில் போடுவதாக மருத்துவமனை கூறியது. ஆகவே செவ்வாய்க்கிழமை மதியம், கடையைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் அண்ணனுடைய அலுவலகக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு வெல்டர், கையில் பேனாவோடு, விண்ணப்பம் ஒன்றின் மீது குனிந்திருந்தார்.

"வாம்மா, டீ சொல்லவா?" என்றான் அண்ணன்.

"டீ கெடக்கட்டும். இந்த டிக் யார் போட்டது?"

அண்ணன் வெல்டரைப் பார்த்துச் சிரித்தான். "என் தங்கச்சி. மூக்கு நுனியில கோவத்தோட பொறந்தவ." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கீழ மாப்பிள்ளை கையெழுத்து இருக்குல்ல?"

"வெத்து ஃபாரத்துல பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் குடுத்தே. 'குறி இருக்கிற எடத்துல கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை, மத்தத நான் பாத்துக்கறேன்'னே. பாத்துக்கிட்ட லட்சணமா இது? ஆஸ்பத்திரி ஃபைலை உன் கையிலதானே குடுத்தேன்?"

"அதை எழுதியிருந்தா பாலிசியே குடுத்திருக்க மாட்டாங்க."

"குடுக்காமலே போயிருக்கட்டும்! மூணு வருஷம் கட்டின பணம் ஊசிக்காவது ஆகியிருக்கும். உனக்குக் கமிஷன் வந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சு?"

"சும்மா வயித்துக் கோளாறுதானேன்னு நெனச்சேன்மா."

சும்மா. அச்சொல் அவளுடைய உச்சந்தலையைச் சுட்டது. ஆறு ஆண்டுகளாக உறவினர் அத்தனை பேரும் சொன்ன சொல் அது. நாக்கைக் கட்டினால் சரியாகிவிடும் என்று அறிவுரை சொல்லிவிட்டு, கடன் கேட்டதும் தொலைபேசியை அணைத்தவர்களின் சொல். எங்கே போனாலும் மாற்றுக் கால்சட்டையைப் பையில் சுமக்கிற மனிதர், கட்டணக் கழிப்பறை வாசலில் சில்லறை போதாமல் காவலாளியிடம் கெஞ்சியதை இவர்களில் எவன் பார்த்தான்?

"சும்மாவா? ஒரே ஒரு நாள் அவர் கூட பஸ்ல வா. அப்புறம் சொல்லு, சும்மான்னு."

வெல்டர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, எனக்கு முதுகுவலின்னு சொன்னதுக்கும் 'அதெல்லாம் எழுத வேணாம்'னீங்களே?"

"அது வேற தம்பி, நீங்க போடுங்க."

வெல்டர் தம் விண்ணப்பத்தில் வரிசையாக நின்ற பென்சில் குறிகளைப் பார்த்தார். பேனாவை மூடினார். "குறி போட்ட எடத்துல பத்த வைக்கறதுக்கே நாங்க ரெண்டு தடவை அளந்து பாப்போம்ணே," என்றவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். "அக்கா, சாட்சி வேணும்னா கூப்புடுங்க. முக்குல இருக்கிற கேட் பட்டறைதான்."

கதவு மூடியது. அண்ணனின் முகம் வெளிறியது. அவள் வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். "எழுது."

அவன் எழுதினான். 'நோய் விவரத்தைக் கவனக்குறைவால் குறிப்பிடாமல் விட்டேன்' என்ற வரியில் அவள் விரல் வந்து நின்றது.

"கவனக்குறைவா? அதை அடி. 'தெரிந்தே'ன்னு எழுது."

"என் ஏஜென்சி போயிடும்டி. என் புள்ளைங்கள நெனச்சுப் பாரு."

"அவருக்கு ஸ்டியரிங் போச்சு. இப்ப உசுரையும் குடுக்கச் சொல்றியா? அடி."

ஒருவழியாக அவன் அச்சொல்லை அடித்து, மேலே 'தெரிந்தே' என்று எழுதினான். அவள் அவனுடைய பென்சிலையே எடுத்து, தாளின் அடியில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி இட்டாள்.

"இங்க போடு. ஆனா நல்லா படிச்சுட்டுப் போடு. நான் வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கறவ இல்ல."