மெர்சியின் வெல்லக் காபி

கல்யாணமாகி சத்துவாச்சாரியில் இருந்த கணவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பொன்மலருக்குக் கிடைத்த காபியில் வெல்லம் கரைந்திருந்தது. கூடவே தட்டிப்போட்ட ஏலக்காய், துளி சுக்கு. ஆஸ்பத்திரி டியூட்டியில் வருஷக்கணக்காக அவள் குடித்துப் பழகியது வேறு. திக்கான டிகாக்‌ஷன், பேருக்குக் கொஞ்சம் பால், சர்க்கரை கிடையாது. முதல் வாயிலேயே தித்திப்பில் பல் கூசியது. ஆனாலும் டம்ளரை நீட்டிய பெண் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால் முழுவதையும் குடித்தாள்.

அந்தப் பெண் ஜெனிஃபா. பொன்மலரின் கணவர் ஜெபசீலனுக்கும் அவருடைய முதல் மனைவி மெர்சிக்கும் பிறந்த ஒரே மகள். காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மெர்சி புற்றுநோயில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன.

"மம்மி இப்படித்தான் போடுவாங்க. டாடிக்கு வேற மாதிரி போட்டா இறங்காது. உங்களுக்குப் பிடிச்சிருக்கா ஆன்ட்டி?"

"நல்லாருக்கும்மா" என்றாள் பொன்மலர். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, எனக்கு வேறு மாதிரி வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அப்பா, அம்மா இருவரும் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவர்களைப் பார்த்துக்கொண்டே நாற்பதைத் தாண்டியவள் பொன்மலர். அவர்கள் போன பிறகு சர்ச்சில் யாரோ பேசி, ஜெபசீலனைப் பார்த்து முடித்துவைத்தார்கள். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாத மனிதர். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார். நாள் பூராவும் மெஷின் வரிசைகளுக்கு நடுவே நின்றபடி வேலை. வந்ததும் சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பொன்மலரும் வார்டில் நடந்து நடந்து கால் வீங்கித்தான் வருவாள். அந்த வீட்டில் இரண்டு பேருடைய அசதியும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். பேச்சு கம்மி. அதில் அவளுக்குக் குறை இருக்கவில்லை.

ஜெனிஃபாவுக்குக் காலை வகுப்பு வந்தபோது அடுப்படி பொன்மலரிடம் வந்தது. முதல் நாள் பால் கொதிக்கும்போதே வெல்லத்தைத் தட்டிப் போட்டாள். பால் திரிந்து திப்பித் திப்பியாகப் பிரிந்துபோனது. வாசலில் பையோடு நின்ற ஜெனிஃபா அதைப் பார்த்தாள்.

"மம்மி வெல்லத்தைத் தனியா தண்ணியில கரைச்சு, வடிகட்டி வெச்சுப்பாங்க. எல்லாத்தையும் எறக்கினப்புறம்தான் கலப்பாங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலையே ஆன்ட்டி."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பொன்மலரை என்னவோ செய்தது. மறுநாளிலிருந்து வெல்லத்தைத் தனியாகக் கரைத்தாள். சிக்கரி தூக்கலாகக் கலந்த பொடியையே வாங்கினாள். ஆனாலும் ஏதாவது ஒன்று தப்பிப்போகும். ஒரு நாள் ஏலக்காய் ஜாஸ்தி, ஒரு நாள் டிகாக்‌ஷன் கம்மி. ஜெனிஃபா பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போவாள். செத்துப்போனவளோடு தினமும் காலையில் பரீட்சை எழுதுவதுபோல இருந்தது பொன்மலருக்கு. பிறகு கையும் பழகிவிட்டது. பாதி டம்ளர் மிஞ்சுவது நின்றது. இனிப்பு மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்புவாள்.

அடுத்த வருஷம் ஜெபசீலன் அடிக்கடி தண்ணீர் குடிப்பதையும், ராத்திரியில் பல தடவை எழுந்து போவதையும் அவள் கவனித்தாள். நர்ஸுக்கு அதற்குமேல் யாரும் சொல்லத் தேவையில்லை. கூட்டிப்போய் ரத்தம் டெஸ்ட் பண்ண வைத்தாள். சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், இனிப்பு எந்த ரூபத்திலும் கூடாது என்றார்.

அன்று சாயங்காலமே வெல்ல டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவைத்தாள். மறுநாள் காலை மூன்று டம்ளரிலும் இனிப்பில்லாத காபி இருந்தது. ஜெனிஃபா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"வெல்லம் இன்னாத்துக்கு நிறுத்தணும்? வெள்ளைச் சக்கரைதானே ஆகாது?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ரத்தத்துல போய் ஒரே வேலையத்தான் பண்ணும்."

"மம்மி துணியெல்லாம் எடுத்துக் கொடுத்தாச்சு. கட்டில மாத்தியாச்சு. இருந்தது இந்தக் காபி ஒண்ணுதான். இதையும் எடுத்தாச்சா?"

துணிகளைக் கொடுத்தது பொன்மலர் வருவதற்கு முன்பு. கட்டிலை மாற்றியது ஜெபசீலனின் அக்கா. அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. டியூட்டிக்குப் பஸ் வந்துவிடும். ஜெபசீலன் தலையைக் குனிந்தபடி கசப்புக் காபியைக் குடித்து முடித்தார்.

மாதங்கள் போயின. மாத்திரை கூடியது. சர்க்கரை இறங்கவில்லை. கேண்டீனில் ஒரு நாள் பொன்மலர் இதைப் பற்றிப் புலம்பியபோது, கூட வேலை பார்க்கும் பில்கிஸ் சிரித்தாள்.

"இன்னா மலரு, இத்தினி வருஷம் சர்வீஸ் உனக்கு. இது தெரியலையா? வீட்ல யாரோ ஊட்டுறாங்க."

"யாரு ஊட்டப் போறா?"

"உனக்குத் தெரியாதா யாருன்னு?"

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை டியூட்டி மாறியதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. வெல்லமும் சுக்கும் கலந்த வாசனை வாசலுக்கே வந்தது. அடுப்படி மேடையில் சாய்ந்து அப்பாவும் மகளும் ஆளுக்கொரு டம்ளரோடு நின்றிருந்தார்கள். மெர்சி ஒரு தடவை பள்ளிகொண்டா பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்ட கதையை ஜெபசீலன் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனிஃபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் அப்படி வாய்விட்டுப் பேசி பொன்மலர் கேட்டதே இல்லை.

செருப்பைக் கழற்றாமல் வெளியே திரும்பி வந்தாள். தெருமுனை வரை நடந்தாள். வெயில் சுட்டது. ஒரு மளிகைக்கடை நிழலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, கேட்டைச் சத்தமாகத் திறந்தாள். உள்ளே குழாயில் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

அன்று படுக்கும்போது கணவரிடம் கேட்டாள். "ஏங்க, அவ வெல்லக் காபி போட்டுக் கொடுக்கிறா இல்ல?"

"ஆசையா கொண்டாந்து நீட்டுறா மலர். வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. பொன்மலர் மேலும் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். அப்புறம் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க யார் யாருக்கோ எதை எதையோ சாப்பிடாதே என்று சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் அதையே சொல்லச் சலிப்பாக இருந்தது.

கம்பெனியில் புதிதாகக் கொடுத்த சேஃப்டி ஷூ ஜெபசீலனுக்குச் சுண்டுவிரலில் கடித்தது. சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. சாக்ஸில் ஈரம் பட்டு, கறை தெரிந்த பிறகுதான் பார்த்தார். பார்த்த பிறகும் மஞ்சளைப் பூசிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனார். வாடை வந்தபோது பொன்மலர் காலைப் பிடித்துத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். விரல் கறுத்திருந்தது. அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

விரலை எடுத்தார்கள். மற்ற விரல்களும் காலும் தப்பியதே பெரிது என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்த அன்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஜெனிஃபா உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பொன்மலர் யூனிஃபாரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கொடுத்ததனாலயா ஆன்ட்டி?"

இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தப் பெண் நம்பியும் விடுவாள். ஆனால் இத்தனை வருஷமாக நோயாளிகளின் வீட்டுக்காரர்களிடம் பொய் சொல்லாமல் பழகியிருந்தாள் பொன்மலர்.

"ஷூ கடிச்சதுதான் புண்ணு. சுகர் ஜாஸ்தியா இருந்ததால ஆறல. நீ கொடுத்ததும் அதுல ஒரு பங்கு."

ஜெனிஃபா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கேளு. உங்க டாடி சின்னக் குழந்தை இல்ல. டாக்டர் சொன்னது அவர் காதுலயும் விழுந்துது. வேணாம்மான்னு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புண்ணு வந்தப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாம். எனக்கும் நீ கொடுக்கிறது தெரியும். நானும் உன்கிட்ட பேசல."

"உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் திட்டல?"

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிட்டு இருந்தீங்க" என்றாள் பொன்மலர். ஜெனிஃபா அவள் தோளில் சாயவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. உள்ளே கூப்பிடும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெனிஃபா காபியையே தொடவில்லை. காலையில் வெறும் தண்ணீர் குடித்துவிட்டுக் காலேஜுக்குப் போனாள். ஒரு நாள் வெல்ல டப்பாவைக் குப்பையில் கொட்டப் போனவளை பொன்மலர் தடுத்தாள். பண்டிகைக்கு ஆகும், இருக்கட்டும் என்று வாங்கி மறுபடியும் மேலே வைத்தாள். ஜெபசீலன் சோபாவில் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு டிவியை வெறித்துக்கொண்டிருப்பார். கம்பெனியில் இனி நின்று செய்யும் வேலை வேண்டாம், உட்கார்ந்து பார்க்கும் செக்கிங் வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை மகளிடம் சொல்லக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த மௌனம் சண்டையைவிட அலுப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்மலர் நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்தாள். படுத்தால் போதும் என்றிருந்தது உடம்பு. நேராக அடுப்படிக்குப் போனாள். டிகாக்‌ஷன் இறக்கினாள். டப்பாவை எடுத்து வெல்லத்தைத் தட்டி, தண்ணீரில் கரைத்து வடிகட்டினாள். ஏலக்காயும் சுக்கும் தட்டினாள். ஒரே ஒரு டம்ளரில் கலந்து, சர்ச்சுக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்த ஜெனிஃபாவின் முன்னால் வைத்தாள்.

வாசனை வந்ததுமே அவள் முகம் மாறியது. "எனக்கு வேணாம் ஆன்ட்டி."

"உனக்குச் சுகர் இல்ல. குடி."

"இதனாலதானே டாடிக்கு..."

"உங்க மம்மி போட்ட காபில ஒரு தப்பும் இல்ல. டாடி உடம்புக்கு இப்ப ஒத்துக்கல, அவ்ளோதான். அவருக்கு வேணாம்னுதான் சொன்னேன். உனக்கும் நிறுத்தினேன் பாரு, அது என் முட்டாள்தனம்."

ஜெனிஃபா சீப்பைக் கீழே வைத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு குடித்தாள். நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். பொன்மலர் பார்க்காததுபோல அடுப்படிக்குத் திரும்பி, தனக்கு ஊற்றிக்கொண்டாள்.

டம்ளரோடு பின்னாலேயே வந்த ஜெனிஃபா எட்டிப் பார்த்தாள். "அது இன்னா, இவ்ளோ கறுப்பா இருக்கு? வெல்லம் போடலையா?"

"எனக்கு இப்படித்தான் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த காலத்துலேர்ந்து."

"அப்போ நான் கொடுத்ததெல்லாம்?"

"குடிச்சேன்."

"நல்லாருக்குன்னு சொன்னீங்களே!"

"நீ கேட்டப்ப உன் மூஞ்சப் பார்த்து வேற இன்னா சொல்றது?"

ஜெனிஃபா அவளையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். பிறகு அப்பாவுக்கு ஒரு டம்ளரில் டிகாக்‌ஷனும் பாலும் மட்டும் கலந்தாள். கூடத்துக்கு எடுத்துப்போனாள். அங்கிருந்து ஜெபசீலனின் குரல் கேட்டது.

"வெல்ல வாசனை வருதே. எனக்கு அதுல ஒரு வாய்..."

"இல்ல டாடி. இதக் குடிங்க."

"ஒரே ஒரு வாய்ம்மா."

"முடியாது டாடி."

அவர் முனகிக்கொண்டே குடிக்கும் சத்தம் கேட்டது. பொன்மலர் மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காபி சூடாக, கசப்பாக, சரியாக இருந்தது. பாதி குடிப்பதற்குள் கண் சொருகியது.

"ஆன்ட்டி, சர்ச்சுக்கு வரலையா?"

"முடியலம்மா."

"அப்போ நானும் சாயங்கால ஆராதனைக்குப் போய்க்கிறேன். டாடி காலுக்குக் கட்டு மாத்தணும் இல்ல? எப்படின்னு சொல்லுங்க, நானே பண்றேன்."

பொன்மலர் சொன்னாள். உப்புத் தண்ணி, பஞ்சு, எந்தப் பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும், துணியை எவ்வளவு இறுக்க வேண்டும். சொல்லும்போதே நாக்கு குழறியது. ஜெனிஃபா அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தாள். எழுப்பிக் கூட்டிப்போய்க் கட்டிலில் விட்டு, ஃபேனைப் போட்டாள். கூடத்தில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அப்பாவை அதட்டுவது கேட்டது. அது ஓய்வதற்குள் பொன்மலர் தூங்கிப்போனாள்.